மேல் அம்பை அழுத்தினால் ஏன் ^[[ஏ வருகிறது

புதிதாக ஒரு சர்வரில் நுழைந்து, கொஞ்ச நேரம் முன்பு அடித்த கட்டளையைத் திரும்ப எடுக்கலாம் என்று மேல் அம்பை அழுத்துகிறோம். கட்டளை வருவதில்லை, அதற்குப் பதில் ^[[ஏ என்று ஒன்று வந்து உட்காருகிறது. இடது அம்புக்கு ^[[டி (ஏ, டி எல்லாம் ஆங்கில எழுத்துகள்). லினக்ஸில் கொஞ்ச நாள் புழங்கிய எவரும் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, கீபோர்டு போயிடுச்சா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கேள்விக்கு இணையத்தில் கிடைக்கிற பதில்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன: இந்த ஒரு வரியை எடுத்து .பேஷ்ஆர்சி கோப்பில் (நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் என்ற ஷெல் நிரலின் அமைப்புக் கோப்பு) ஒட்டு, சரியாகிவிடும். சில நேரம் சரியாகும். சில நேரம் இங்கே சரியாகி வேறு எங்கோ உடையும், உடைந்தது இந்த வரியால்தான் என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அம்பு விசைக் கோளாறு என்பது ஒரு கோளாறு இல்லை. திரையில் ஒரே மாதிரி தெரிகிற, காரணம் வேறு வேறான பல கோளாறுகள். எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரையைக் கொடுக்க முடியாதது போல இதற்கும் ஒரே வரித் தீர்வு கிடையாது. எந்த இடத்தில் பிடிபடாமல் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும், பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

முதலில், டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலில், ஓடுகிற நிரலுக்கு விசைப்பலகை என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதற்கு வந்து சேர்வதெல்லாம் பைட்டுகள். சாதாரண ஆங்கில எழுத்து என்றால் ஒரு பைட். எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் அம்புகளுக்கு இடமே இல்லை, அதனால் மேல் அம்பை அழுத்தினால் மூன்று பைட்டுகள் போகின்றன: எஸ்கேப் (எண் 27), பிறகு ஒரு சதுர அடைப்பு, பிறகு ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ. கீழே என்றால் பி, வலது சி, இடது டி. இந்த வழக்கம் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் செய்த, திரையும் விசைப்பலகையும் கொண்ட டெர்மினல் இயந்திரங்களிலிருந்து வருகிறது. 1975இல் வந்த விடி52 எஸ்கேப்பையும் எழுத்தையும் மட்டும் அனுப்பியது. 1978இல் வந்த விடி100 நடுவில் அந்தச் சதுர அடைப்பைச் சேர்த்தது. அந்த இயந்திரங்கள் மறைந்துவிட்டன, ஆனால் எக்ஸ்டெர்ம், க்னோம் டெர்மினல், புட்டி, மேக்கில் இருக்கும் டெர்மினல் என்று நாம் திறக்கிற ஒவ்வொரு ஜன்னலும் இன்றைக்கும் விடி100இன் வாரிசாகவே நடந்துகொள்கிறது.

விடி100 இன்னொரு விஷயத்தையும் விட்டுச்சென்றது, பாதிக் குழப்பம் அதிலிருந்துதான். அம்பு விசைகளுக்கு அதில் இரண்டு நிலைகள். சாதாரண நிலையில் எஸ்கேப், சதுர அடைப்பு, ஏ. அப்ளிகேஷன் நிலை என்று இன்னொன்று, அதில் சதுர அடைப்புக்குப் பதில் ஆங்கிலப் பெரிய எழுத்து ஓ, அதாவது எஸ்கேப் ஓ ஏ. எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை ஓடுகிற நிரல்தான் டெர்மினலுக்குச் சொல்கிறது: எஸ்கேப் [?1 அதன்பின் சின்ன ஹெச் அனுப்பினால் அப்ளிகேஷன் நிலை, சின்ன எல் அனுப்பினால் பழைய நிலை. ஆக ஒரே விசை, ஒரே டெர்மினல், ஆனால் எந்த நேரத்தில் அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டு வேறு பைட் வரிசைகள்.

சரி, என்ன போகிறது என்று கண்ணால் பார்ப்பது எப்படி? வாங்குவதை அப்படியே திருப்பிக் காட்டும் கேட் கட்டளையை -வி சேர்த்து ஓட்டிவிட்டு அம்பை அழுத்துங்கள், அவ்வளவுதான். அல்லது ஷெல்லில் கன்ட்ரோல்-வி அழுத்திவிட்டு உடனே அம்பை அழுத்துங்கள், அடுத்து வருவதை அப்படியே காட்டும். ^[ என்பது எஸ்கேப்பின் எழுத்து வடிவம். எதுவுமே வரவில்லை என்றால் விசை டெர்மினலுக்கே வந்து சேரவில்லை என்று பொருள். மேக்கில் கன்ட்ரோலோடு இடது அம்பை அழுத்தினால் அதை இயங்குதளமே டெஸ்க்டாப் மாற்றுவதற்கு எடுத்துக்கொள்ளும், ஷெல் அமைப்பை எவ்வளவு மாற்றினாலும் பயன் இருக்காது. வருகிறது என்றால் டெர்மினல் தன் வேலையைச் செய்துவிட்டது, கோளாறு அதற்குப் பின்னால் எங்கோ. தேட வேண்டிய இடம் இந்த ஒரு சோதனையிலேயே பாதியாகக் குறைந்துவிடும்.

டெர்மினலுக்கும் நிரலுக்கும் நடுவில் இயங்குதளத்தின் மையமான கர்னலில், டெர்மினலைக் கையாளும் டிடிஒய் அடுக்கு ஒன்று இருக்கிறது. நிரல் எதுவும் கேட்டுக்கொள்ளாவிட்டால் அது வரி வரியாகச் சேர்த்துக் கொடுக்கிற நிலையில் இருக்கும். என்டர் அழுத்தும்வரை எழுத்துகளைத் தானே வைத்துக்கொள்ளும், பேக்ஸ்பேஸ் வந்தால் தானே அழிக்கும், கன்ட்ரோல்-யு வந்தால் வரி முழுவதையும் அழிக்கும். இதனால்தான் கேட் ஓடும்போது பேக்ஸ்பேஸ் வேலை செய்கிறது, அம்பு வேலை செய்வதில்லை. இவ்வளவு சின்னத் தொகுப்புதான் கர்னலுக்குத் தெரியும், வரியின் நடுவே போவதும் பழைய கட்டளையைத் தேடுவதும் அதன் வேலை கிடையாது. எஸ்கேப் பைட்டை ^[ என்று மாற்றிக் காட்டுவதும் இந்த அடுக்குதான். இந்த அடுக்கின் அமைப்புகளை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையில் எக்கோசிடிஎல் என்ற அமைப்பை நிறுத்திவிட்டு கேட் ஓட்டி அம்பை அழுத்திப் பாருங்கள், ^[[ஏ வராது, கர்சர் திரை முழுக்க நடமாடும். ஏனென்றால் அதே மூன்று பைட்டுகள் எதிர்த்திசையில் டெர்மினலுக்குப் போனால் "கர்சரை ஒரு வரி மேலே நகர்த்து" என்ற கட்டளை. நிரலுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. இதை ஒரு முறை செய்து பார்த்தவருக்கு விஷயம் முழுவதும் விளங்கிவிடும் என்பதால் புதிதாக வருகிற எல்லாருக்கும் இதைக் காட்டுகிறேன்.

அம்பு வேலை செய்ய வேண்டுமென்றால் நிரல் இந்தக் கர்னல் தொகுப்பை நிறுத்திவிட்டு, பைட்டுகளைப் பச்சையாக வாங்கி, தானே வரியைத் தொகுக்க வேண்டும். பேஷ் இதை ரீட்லைன் என்ற நூலகத்தை வைத்துச் செய்கிறது. அந்த மாதிரி ஏதும் இல்லாத நிரல் என்றால் ^[[ஏ வருவதுதான் முறை, அங்கே எதுவும் உடையவில்லை.

புது சர்வர் கதையும் பெரும்பாலும் இதுதான். உபுண்டுவில் யூசர்ஆட் கட்டளையால் ஒரு பயனரைச் சேர்த்தால், ஷெல் எது என்று சொல்லாவிட்டால் எஸ்ஹெச் என்ற ஷெல் கிடைக்கும். உபுண்டுவில் 2006இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து எஸ்ஹெச் என்றால் ரீட்லைன் மாதிரி எதுவும் இல்லாத டாஷ், டெபியனில் 2011இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து. அன்றைக்குக் கணினி எழும்போது ஓடிய ஏராளமான ஸ்கிரிப்டுகளுக்கு டாஷ் வேகமானது, சின்னது, அதற்காகத்தான் கொண்டுவந்தார்கள், மனிதர் உட்கார்ந்து தட்டச்சு செய்வதற்காக இல்லை. பயனரின் ஷெல்லை பேஷுக்கு மாற்றினால் முடிந்தது. நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரில் ஒரு கன்டெய்னருக்குள் எஸ்ஹெச் என்று சொல்லி நுழைந்தாலும் டெபியன் வழி வந்த இமேஜ் என்றால் இதே கதை. பேஷ் என்று சொல்லி நுழையுங்கள். டாக்கருக்கு -ஐ மட்டும் கொடுத்து -டி கொடுக்க மறந்தால், உள்ளே பேஷ் இருந்தாலும் அம்பு ஓடாது, ஏனென்றால் உள்ளே டிடிஒய்யே இருக்காது. பைதானை நாமே கம்பைல் செய்யும்போது ரீட்லைனின் டெவலப்மென்ட் பொதி இல்லாமல் போனால் கம்பைல் நடந்து முடிந்துவிடும், ஆனால் பைதான் உரையாடலில் அம்பு வேலை செய்யாமல் போய்விடலாம். பேஷ் ஸ்கிரிப்டில் ரீட் கட்டளையால் உள்ளீடு வாங்குகிறீர்களா, -இ சேருங்கள், அந்த ஒரு கேள்விக்கும் ரீட்லைன் வந்துவிடும். மாற்றவே முடியாத நிரல் என்றால் ஆர்எல்ராப் என்று ஒரு கருவி இருக்கிறது, எந்த நிரலையும் அதற்குள் வைத்து ஓட்டினால் வரித்தொகுப்பு கிடைத்துவிடும்.

விஐ என்ற பழைய எழுத்துத் தொகுப்பானின் வழிவந்த விம்மின் கதை வேறு, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான், ஏனென்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் அதில் விளக்கம் இருக்கிறது. புதிதாக நிறுவிய உபுண்டுவில் விஐ என்று அடித்து, எழுத்து சேர்க்கும் இன்சர்ட் நிலைக்குப் போய் மேல் அம்பை அழுத்தினால் மேலே ஒரு புது வரி உருவாகி அதில் ஏ என்று எழுதியிருக்கும். இடது அம்பை அழுத்தினால் இன்னொரு புது வரி, அதில் டி. கோப்பைத் திருத்த வந்தவர் பதறிப்போய் இன்னும் நாலு அம்பை அழுத்துவார், கோப்பு முழுக்க ஏ, பி, சி, டி. என்ன நடக்கிறது பாருங்கள். அங்கே இருப்பது விம்-டைனி என்ற சின்னப் பொதி, பழைய விஐ போலவே நடந்துகொள்ளும் கம்பேட்டிபிள் நிலையில் அது எழுகிறது. அந்த நிலையில் இன்சர்ட்டில் இருக்கும்போது எஸ்கேப்பில் தொடங்கும் வரிசைகளை விசையாகப் புரிந்துகொள்ளும் எஸ்க்கீஸ் என்ற அமைப்பு நின்றிருக்கும். விம் அப்ளிகேஷன் நிலையைப் போட்டிருப்பதால் வருவது எஸ்கேப் ஓ ஏ. எஸ்கேப் வந்ததும் இன்சர்ட்டிலிருந்து வெளியே வந்துவிடும். பெரிய ஓ என்றால் விஐ மொழியில் மேலே ஒரு வரியைத் திறந்து இன்சர்ட்டுக்குப் போ. அப்புறம் வருகிற ஏ அந்தப் புது வரியில் எழுத்தாக விழும். மூன்று பைட்டுகளையும் விஐ வார்த்தைக்கு வார்த்தை கடைப்பிடித்திருக்கிறது. முழு விம் பொதியை நிறுவினால் தீரும், நிறுவ அனுமதி இல்லை என்றால் உங்கள் .விம்ஆர்சி கோப்பில் நோகம்பேட்டிபிள் என்று அமைத்தால் போதும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். புதியவர்கள் இதைக் கேட்டால் "அம்பெல்லாம் எதுக்கு, ஹெச் ஜே கே எல் பழகிக்கோ" என்று பதில் சொல்லி அனுப்புகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அது பிடிப்பதில்லை. விஐயில் கர்சரை நகர்த்த அந்த நான்கு எழுத்துகள் வந்ததற்குக் காரணமே பில் ஜாய் விஐ எழுதியபோது பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினலில் அம்புகளுக்குத் தனி விசை இல்லாமல், அந்த எழுத்துகளின் மேலேயே அம்புகள் அச்சிடப்பட்டிருந்ததுதான். அவர் தன் கையில் இருந்த விசைப்பலகைக்கு ஏற்றதைச் செய்தார். இன்றைக்கு விசைப்பலகையில் அம்பு இருக்கும்போது அது வேலை செய்ய வேண்டும் என்று கேட்பவர் தப்பாக எதுவும் கேட்கவில்லை, ஏன் வேலை செய்யவில்லை என்று சொல்லிக்கொடுப்பது நம் பொறுப்பு.

அடுத்தது டெர்ம் என்ற சூழல் மாறி. இது இந்த டெர்மினல் இன்ன வகை என்று சொல்லும் ஒரு பெயர் மட்டும்தான். நிரல்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு டெர்ம்இன்ஃபோ என்ற தரவுத்தொகுப்பில் தேடி, மேல் அம்புக்கு என்ன வரும், திரையைத் துடைக்க என்ன அனுப்ப வேண்டும் என்றெல்லாம் தெரிந்துகொள்ளும். தொலைவிலுள்ள கணினிக்குள் எஸ்எஸ்ஹெச்சில் போகும்போது பெயர் கூடவே போகும், தரவு போகாது. கிட்டி மாதிரி ஒரு புதிய டெர்மினலில் இருந்து பழைய சர்வருக்குப் போனால் எக்ஸ்டெர்ம்-கிட்டி என்ற பெயரை அது கேள்விப்பட்டிருக்காது. பேஷில் அம்பு அப்போதும் ஓடலாம், ஏனென்றால் ரீட்லைன் வழக்கமான வரிசைகளைத் தானாகவே அறிந்து வைத்திருக்கிறது. நானோ, ஹெச்டாப் மாதிரி முழுத்திரை நிரல்கள் திறக்க மறுக்கும், கோப்பைப் படிக்க உதவும் லெஸ் எச்சரிக்கை காட்டும். பேஷில் சரி, மற்றதில் சரியில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது டெர்ம் மாறியைத்தான்.

இதற்குச் சரியான வழி உங்கள் கணினியில் இன்ஃபோசிஎம்பி -எக்ஸ் கொடுத்து வருகிற விவரத்தை எஸ்எஸ்ஹெச் வழியாக அந்தச் சர்வரின் டிக் கட்டளைக்கு ஊட்டிவிடுவது. ரூட் (நிர்வாகி) அனுமதி தேவையில்லை, உங்கள் ஹோம் அடைவிலேயே சேர்ந்துவிடும். தவறான வழி, ஆனால் எங்கும் பரவியிருக்கிற வழி, .பேஷ்ஆர்சி கோப்பில் டெர்ம் மாறியை எக்ஸ்டெர்ம்-256கலர் என்று நிரந்தரமாக எழுதிவைப்பது. அந்த வரி, ஒரே ஜன்னலுக்குள் பல ஷெல்களை ஓட்டும் டிமக்ஸுக்குள்ளும் ஓடும். டிமக்ஸுக்குள் டெர்ம் என்பது ஸ்க்ரீன் அல்லது டிமக்ஸ் என்று தொடங்கும் பெயராக இருக்க வேண்டும் என்று அதன் கையேடே சொல்கிறது, உள்ளே இருக்கிற நிரல்கள் பேசுவது டிமக்ஸோடுதான், வெளியே இருக்கும் ஜன்னலோடு இல்லை. எக்ஸ்டெர்ம் என்று பொய் சொன்னால் அம்பு ஓடினாலும் ஹோம், எண்ட், சாய்வெழுத்து என்று எங்காவது ஒரு மூலையில் பிசகும். தற்காலிகமாக ஒரு கட்டளைக்கு முன்னால் மட்டும் மாற்றி ஓட்டுங்கள், தப்பில்லை. கோப்பில் எழுதிவைக்காதீர்கள்.

டெர்ம்இன்ஃபோவில் இன்னொரு பொறி. எக்ஸ்டெர்மின் மேல் அம்பு என்னவென்று அதில் கேட்டால் எஸ்கேப் ஓ ஏ என்று சொல்லும், கேட் -வியில் நாம் பார்ப்பதோ சதுர அடைப்பு. இரண்டும் உண்மை. டெர்ம்இன்ஃபோ சொல்வது, நிரல் முதலில் எஸ்எம்கேஎக்ஸ் என்ற வரிசையை அனுப்பி அப்ளிகேஷன் நிலையைப் போட்ட பிறகு வருவதை. இசட்ஷெல் என்ற இன்னொரு ஷெல்லைப் பயன்படுத்துகிறவர்கள் அடித்த முன்னெழுத்துகளை வைத்துப் பழைய கட்டளைகளின் வரலாற்றில் தேடுவதற்காக அம்பை அந்தத் தேடலோடு கட்டிவைப்பார்கள், டெர்ம்இன்ஃபோவிலிருந்து மதிப்பை எடுத்துக் கட்டுவார்கள், நிலையை மாற்ற மாட்டார்கள். பிறகு தேடல் நடக்காது, சாதாரண வரலாறு மட்டும் நகரும். இரண்டு வடிவத்தையும் தனித்தனியாகக் கட்டிவிட்டால் எந்த டெர்மினலில் போனாலும் தொல்லை இல்லை.

நன்றாக இருந்த ஜன்னல் திடீரென்று கெட்டுப்போனால் பெரும்பாலும் காரணம் பாதியில் செத்த நிரல். லெஸ்ஸோ விம்மோ திறந்திருக்கும்போது எஸ்எஸ்ஹெச் அறுந்துவிட்டால், போட்ட நிலையைத் திருப்பிவைக்க அந்த நிரலுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. இதற்கு எஸ்டிடிஒய் சேன் என்று அடிக்கச் சொல்வார்கள். அது கர்னல் பக்கத்தை மட்டும் சரிசெய்யும். அப்ளிகேஷன் நிலை இருப்பது டெர்மினல் பக்கத்தில், அதற்கு ரீசெட் கட்டளை வேண்டும். இரண்டும் வேறு வேறு இடம் என்று தெரிந்தாலே பாதி நேரம் மிச்சம்.

அம்பு சில நேரம் ஓடி சில நேரம் ஓடாமல் இருந்தால் அது நேரப் பிரச்சினை. எஸ்கேப் விசை அனுப்புவதும் 27, அம்பின் முதல் பைட்டும் 27. இரண்டையும் பிரித்தறிய நிரலுக்கு இருக்கிற ஒரே வழி, கொஞ்சம் காத்திருந்து அடுத்த பைட் வருகிறதா என்று பார்ப்பது. டிமக்ஸ் நெடுங்காலமாக 500 மில்லிசெகண்ட் காத்திருந்தது, அதனால் உள்ளே விம்மில் எஸ்கேப் அழுத்தினால் மந்தமாக இருக்கும். எஸ்கேப்-டைம் அமைப்பைச் சுழியமாக்கச் சொல்லி எல்லாரும் எழுதுகிறார்கள். நல்ல இணைப்பில் சரிதான். ரயிலில் போகும்போது மொபைல் ஹாட்ஸ்பாட்டில் தொலைவிலுள்ள சர்வரில் ஓடும் டிமக்ஸோடு வேலை செய்தால், மூன்று பைட்டுகளும் ஒன்றாக வந்து சேரும் என்று உத்தரவாதம் இல்லை. எஸ்கேப் தனியாக வந்து, மிச்சம் எழுத்துகளாக விழும். 20 அல்லது 30 வைத்துவிட்டு, மோசமான இணைப்பில் இன்னும் கூட்டிக்கொள்வது என் வழக்கம்.

கன்ட்ரோலோடு சேர்த்து அழுத்தும் அம்புக்கு எக்ஸ்டெர்ம் வழியில் எஸ்கேப் [1;5டி மாதிரி வரும். அந்த 5 எங்கிருந்து என்றால், ஷிஃப்டுக்கு 1, ஆல்ட்டுக்கு 2, கன்ட்ரோலுக்கு 4, கூட்டி வருவதோடு இன்னொரு 1. இதைத் தெரிந்துகொண்டால் சொல் சொல்லாகத் தாவுவதை ரீட்லைனின் அமைப்புக் கோப்பான .இன்புட்ஆர்சி கோப்பில் நாமே எழுதலாம், யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை.

கடைசியாக, நம் எழுத்து. பேஷில் தமிழ் என்று தட்டச்சு செய்துவிட்டு இடது அம்பை அழுத்திப் பாருங்கள், கர்சர் எழுத்துக்கு நடுவே போய் நிற்கும், அழித்தால் வேறு ஏதோ அழியும். இங்கே வந்து சேரும் பைட்டுகளில் பிழை எதுவும் கிடையாது, பிழை அகலக் கணக்கில். தமிழ் என்ற சொல்லில் யூனிகோடு குறிகள் ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. டெர்மினல் ஒரு கட்டத்தாள், ஒவ்வொரு குறிக்கும் எத்தனை கட்டம் என்பதை டபிள்யூசிவிட்த் என்ற அட்டவணை சொல்கிறது. பரவலாகப் புழங்கும் அட்டவணையில் புள்ளிக்கும் ஈகாரக் குறிக்கும் சுழியம், இகரம், உகரம், எகரம் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். ஆக தமிழ் நான்கு கட்டம், கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து. ஷெல் நான்கு என்று நினைத்துக் கர்சரை நகர்த்துகிறது, எழுத்துகளைச் சேர்த்து வரைகிற டெர்மினல் வேறு இடத்தில் வரைந்திருக்கிறது. நீளமான தமிழ்க் கோப்புப்பெயர் என்றால் நாலைந்து கட்டம் தள்ளிப்போகும்.

இதற்கு .பேஷ்ஆர்சி வரி எதுவும் கிடையாது. டெர்மினலும் நிரலும் ஒரே கணக்கைப் போட வேண்டும், குறி குறியாக இல்லாமல் மி, ழ் என்று எழுத்துத் தொகுதியாக எண்ண வேண்டும். கான்டூர் டெர்மினல் முன்வைத்த 2027 என்ற நிலை இதற்காகத்தான்: உன் பக்கம் தொகுதிக் கணக்கு இருக்கிறதா என்று நிரல் கேட்கலாம், டெர்மினல் பதில் சொல்லலாம். கோஸ்டி டெர்மினலும் அதை ஆதரிக்கிறது. ஷெல்லும் தொகுப்பான்களும் அதைக் கேட்கத் தொடங்கினால்தான் நமக்குப் பயன், இப்போதைக்குக் கேட்பவை குறைவு. தமிழில் கோப்புப்பெயர் வைப்பவர்கள், கமிட் செய்தி எழுதுபவர்கள் கர்சர் பிசகும் இடங்களைப் பிடித்து, எந்தச் சொல், எந்த டெர்மினல், எந்தப் பதிப்பு, எத்தனை கட்டம் தள்ளிப்போகிறது என்று அந்தந்தத் திட்டத்தில் பிழையறிக்கையாகப் பதியுங்கள். சோதிக்க நல்ல சொற்கள்: "கீரி", புள்ளியும் ஈகாரமும் சேர்ந்த "தண்ணீர்", இரண்டு பக்கமும் குறி வருகிற "கொடு".